காஃபீன்: குடலைத் தூண்டும், அழற்சியை மூட்டுமா?

அழற்சிக் குடல் நோய் உள்ளவர்கள் காப்பி குடிக்கலாமா என்பது கேள்வி. அதிலுள்ள காஃபீன் என்ற வேதிப்பொருளைக் காப்பிக்கொட்டையில் இருந்து 1819இல் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் ருங்கே. கொட்டையைக் கொடுத்து ஆராயச் சொன்னவர் கவிஞர் கோதே. காப்பியின் பெயரிலிருந்தே ‘காஃபீன்’ பிறந்தது. 1827இல் தேயிலையில் கிடைத்ததற்குத் ‘தேயீன்’ என்று தனிப்பெயர் இட்டார்கள். இரண்டும் ஒன்றே என்பது பிறகுதான் தெரிந்தது. ஆகவே காப்பியை விட்டு டீக்கு மாறியவர் காஃபீனைக் குறைத்திருக்கிறார், விடவில்லை.

காப்பிக்குக் குளம்பி, கொட்டைவடிநீர் என்ற சொற்கள் உண்டு. வேதிப்பொருளுக்குக் காஃபீன் என்பதே நிலைத்துவிட்டது, அப்படியே இருக்கட்டும். சரியான தமிழ் வேண்டியது இந்த நோயின் பெயருக்குத்தான். ‘இன்ஃப்ளமேட்டரி பவல் டிசீஸ்’ என்பது அழற்சிக் குடல் நோய். இன்ஃப்ளமேஷனின் லத்தீன் வேருக்குத் தீமூட்டுதல் என்று பொருள். அழற்சியின் வேரான அழலும் தீயே. குரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி இரண்டும் இதில் அடங்கும். ‘குடல் புண்’ என்று சுருக்கினால் வயிற்று அல்சர் என்று நினைத்து அமிலத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டு காலம் கடத்துவார்கள்.

காஃபீன், உறக்கத்தை வரவழைக்கும் அடினோசின் என்ற பொருள் நரம்பணுவில் ஒட்டும் இடங்களை (ஏற்பிகளை) மறித்து நரம்பைத் தூண்டுகிறது. காப்பி குடித்த நான்கு நிமிடத்திலேயே சிலருக்குப் பெருங்குடலின் கடைப்பகுதி அசையத் தொடங்கும். காஃபீன் நீக்கிய காப்பிக்கும் இக்குணம் ஓரளவு உண்டு. இது தூண்டல். காஃபீன் குடலில் அழற்சியை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை. ஆனால் ஏற்கெனவே புண்ணான குடலில் இந்தத் தூண்டலே மலம் கழிக்கும் அவசரத்தையும் வயிற்றுப்போக்கையும் கூட்டிவிடும். நோய் கிளர்ந்திருக்கும் நாட்களில் நிறுத்துவது நல்லது.

நோய் அடங்கியபின் காப்பி ஒத்துக்கொள்ளாவிட்டால் காஃபீனை மட்டும் குற்றம் சொல்லக்கூடாது. நம் ஃபில்டர் காப்பியில் பால் இருக்கிறது. பாலின் சர்க்கரையான லாக்டோஸ் செரியாதவர்கள் நம்மிடையே ஏராளம். சிக்கரி இருக்கிறது, அதன் நார்ச்சத்தான இனுலின் பெருங்குடலில் நொதித்து வாயுவாகும். சர்க்கரைக்குப் பதில் சார்பிட்டால் சேர்த்த இனிப்பானும் பேதியைத் தரும். முதலில் சிக்கரி இல்லாத தூளுக்கு மாறி ஒரு வாரம் பார்க்க வேண்டும், பிறகு பாலை நிறுத்திப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் காரணம் பிடிபடாது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி 150 மி.லி. டிகாக்‌ஷன் காப்பியில் 80–120 மி.கி., இன்ஸ்டன்டில் 50–65, டீயில் 30–65 மி.கி. காஃபீன் இருக்கும். நாளுக்கு 300 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்பது அதன் அறிவுரை. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காப்பியோ டீயோ குடிக்காதீர்கள். அவற்றிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்நோயில் இரத்தச்சோகை சாதாரணம், இரும்பு மாத்திரைக்கும் இதே விதி.

சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எடுக்கும் நாட்களில் கல்லீரல் காஃபீனை மெதுவாகவே சிதைக்கும். ஒரு டம்ளரே படபடப்பைத் தரலாம். அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசலோன் தானே தூக்கத்தைக் கெடுப்பது, மாலைக் காப்பி அதை மோசமாக்கும்.

மலத்தில் இரத்தம், இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, காய்ச்சல், எடைக்குறைவு ஆகியவை காப்பியின் வேலையல்ல. மருத்துவரிடம் சென்று மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தை அளக்கும் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். குடலில் அழற்சி இருந்தால் அது உயர்ந்திருக்கும்.