ஜெர்மனிக்கு நர்ஸ் வேலை: ஏஜென்ட்டிடம் பணம் கட்டும் முன்

குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்திலும் கருங்கலிலும் 'ஜெர்மனியில் நர்ஸ் வேலை, விசா உறுதி' என்று போர்டு வைத்திருக்கும் யாராலும் விசாவை உறுதி செய்ய முடியாது. விசா கொடுப்பது ஜெர்மன் தூதரகம். உங்கள் படிப்பு அங்கே செல்லுமா என்று முடிவு செய்வது, நீங்கள் வேலைக்குச் சேரப்போகும் மாநிலத்தின் அங்கீகார அலுவலகம். ஏஜென்ட் இந்த இரண்டுக்கும் காகிதம் கொண்டுபோய்க் கொடுப்பவர், அவ்வளவுதான்.

அவர் வாங்கும் கூலிக்குச் சட்டத்தில் வரம்பு உண்டு. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்ட விதிகளின்படி, உரிமம் பெற்ற ஏஜென்ட் உங்களிடம் அதிகபட்சம் 30,000 ரூபாய் வாங்கலாம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. இதைத் தாண்டத்தான் 'ஃபைல் சார்ஜ்', 'இன்டர்வியூ சார்ஜ்', 'புராசஸிங்' என்று தொகையைப் பிரித்துக் கேட்கிறார்கள். மொழி வகுப்புக் கட்டணம் வேறு. அதைத் தனி ரசீதில் வாங்குங்கள். உரிம எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். ஜிஎஸ்டி சான்றிதழும் ஐஎஸ்ஓ முத்திரையும் ஆள் அனுப்பும் உரிமம் ஆகாது. 'எங்கள் லைசென்ஸ் கொச்சியில் இருக்கிறது, நாங்கள் அவர்களுடைய கிளை' என்றால், அந்தக் கிளை உரிமத்தில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு நின்றுவிடும்.

எல்லைக்கு அந்தப்பக்கம் நோர்க்கா வழியாக இலவசமாகப் போகிறார்களே என்ற ஏக்கம் குமரி மாவட்டத்தில் உண்டு. அது கேரள அரசு மலையாளிகளுக்கென நடத்துவது. 'கேரள முகவரி போட்டுச் சேர்த்துவிடுகிறேன்' என்பவரை நம்பிப் பொய் முகவரி கொடுத்தால், பிறகு மாட்டுவது நீங்கள்தான். தமிழ்நாட்டு அரசுக்கென்று சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. முதலில் அங்கே பெயரைப் பதிந்து வையுங்கள்.

தகுதியில் பெரிய பொறி ஏஎன்எம் என்னும் துணை நர்ஸ் படிப்பு. பிஎஸ்சி நர்சிங்கும் ஜிஎன்எம் என்னும் நர்சிங் டிப்ளமாவும் முழு நர்ஸ் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டு ஆண்டு ஏஎன்எம் படிப்புக்கு அந்த வழி நடைமுறையில் கிடையாது. அவர்களை 'ஆஸ்பில்டுங்' என்னும் மூன்றாண்டு சம்பளப் பயிற்சிக்கு அனுப்புவது நியாயமான வழிதான். ஆனால் பிஎஸ்சி முடித்து ஐந்து வருடம் வார்டில் நின்றவரையும் அதே பயிற்சியில் முதல் வருட மாணவியாகச் சேர்த்துவிடுகிறார்கள். ஏஜென்ட்டுக்கு அதில் காகித வேலை குறைவு. உங்களுக்கு மூன்று வருடம் போய்விடும். ஒப்பந்தத்தில் 'ஆஸ்பில்டுங்' என்ற சொல் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பாருங்கள்.

அடுத்து பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'எஸ். அஜிதா'. பாஸ்போர்ட்டில் 'அஜிதா செல்வராஜ்'. கல்யாணத்துக்குப் பின் புதுப்பித்ததில் 'அஜிதா ஜஸ்டின்'. நமக்கு ஒரே ஆள்; இனிஷியல் என்றால் என்னவென்று தெரியாத ஜெர்மன் அதிகாரிக்கு மூன்று பேர். ஃபைல் மாதக்கணக்கில் நிற்கும். தாலுகா அலுவலகத்தில் ஒரே நபர் சான்று கேட்டால் நோட்டரியிடம் போகச் சொல்வார்கள், நோட்டரி எழுதியது போதுமா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த வாக்குமூலத்தில் இனிஷியலின் விரிவு, தகப்பனார் பெயர், கணவர் பெயர் மூன்றையும் எழுதி, பிறப்புச் சான்றையும் திருமணப் பதிவுச் சான்றையும் சேர்த்து, அங்கீகார விண்ணப்பத்தோடு முதல் நாளே அனுப்பிவிடுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

அதைவிட அலைச்சல், படித்த மணிநேரக் கணக்கு. பாடவாரியாகத் தியரி எத்தனை மணி, வார்டுவாரியாகச் செய்முறை எத்தனை மணி என்று அட்டவணை வேண்டும். மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. கல்லூரி 'பல்கலைக்கழகத்தில் கேள்' என்னும், பல்கலைக்கழகம் 'கல்லூரி எழுதித் தரட்டும்' என்னும். பெங்களூரில் படித்தவர்களுக்குக் கர்நாடக நர்சிங் கவுன்சில் பதிவு, தமிழ்நாடு கவுன்சில் பதிவு என்று இன்னொரு சுற்று. நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு 700 கிலோமீட்டர். ஒரு முத்திரை விட்டுப்போனால் மறுபடி அதே ரயில். ஒரே பயணத்தில் மூன்று செட் முத்திரையோடு வாங்குங்கள். வேலை பார்த்த மருத்துவமனையின் அனுபவச் சான்றில் எந்த வார்டு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று இருக்கட்டும். ஜெர்மனியில் குறையாகக் காட்டும் மணிநேரத்தை அந்த அனுபவம் ஈடுகட்டக்கூடும்.

அப்போஸ்டில் முத்திரைக்கென்று, அதாவது நம் சான்றிதழை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் முத்திரைக்கென்று, பணம் கேட்டால் நிறுத்துங்கள். இந்தியா 2005இல் அப்போஸ்டில் உடன்படிக்கைக்குள் வந்தபோதே ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது; அதனால் இந்திய அப்போஸ்டில் அங்கே செல்லாது. அங்கீகார அலுவலகம் எழுத்தில் கேட்காத முத்திரைக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

மொழி: முழு அங்கீகாரத்துக்குப் பொதுவாக ஜெர்மன் மொழியில் பி2, அதாவது ஆறு நிலைகளில் நான்காவது, கேட்கிறார்கள். வகுப்பு நடத்தும் சென்டர் கொடுக்கும் 'கோர்ஸ் முடித்தார்' சான்றிதழ் செல்லாது. கோத்தே, டெல்க், ஓஎஸ்டி போன்ற தேர்வுச் சான்றிதழ் வேண்டும். கோத்தே பி1, பி2 தேர்வுகளில் வாசிப்பு, கேட்பு, எழுத்து, பேச்சு நான்கும் தனித்தனிப் பகுதிகள். ஒவ்வொன்றிலும் 100க்கு 60 வேண்டும். ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். முழுத் தேர்வுக்கும் மறுபடி பணம் கட்டச் சொல்லும் சென்டரை நம்ப வேண்டாம்.

அங்கீகார அலுவலகம் அனுப்பும் முடிவுக் கடிதத்தை நம்மவர்கள் 'டெஃபிசிட்' என்பார்கள். என்ன குறை, அதை தேர்வெழுதித் தீர்ப்பதா பயிற்சியில் தீர்ப்பதா என்று அதில் இருக்கும். அது உங்கள் பெயரில் வரும் கடிதம். 'எங்களிடம் இருக்கிறது, கவலைப்படாதே' என்று ஏஜென்ட் வைத்துக்கொள்வதற்குக் காரணம், அது கையில் இருந்தால் நீங்கள் வேறு மருத்துவமனையிடமும் பேசலாம் என்பதே. கோப்பு எண்ணோடு முழு நகலையும் கேட்டு வாங்குங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

அங்கீகாரம் முடியும்வரை உதவியாளர் சம்பளம்தான். நர்ஸ் சம்பளம் எந்த நாளிலிருந்து, எவ்வளவு என்பது ஒப்பந்தத்தில் எண்ணாக இருக்க வேண்டும். வேலையை விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வரியை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். அங்கீகாரத்தையும் விசாவையும் சீக்கிரம் முடிக்கும் விரைவு நடைமுறைக்கான 411 யூரோவை உங்களுக்காக விண்ணப்பிக்கும் மருத்துவமனைதான் அங்கே கட்டும். அதை உங்களிடம் கேட்டால் மருத்துவமனை கொடுத்த ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் கட்டுவது 75 யூரோ விசாக் கட்டணமும் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணமும்.

சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பது பொய். 'வாய்ப்பு அட்டை' என்பது வேலை தேடும் அனுமதி, வேலை அல்ல. செலவுக்குப் பணம் இருக்கிறது என்று நீங்களே காட்ட வேண்டும்.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்கள், ரசீது தராவிட்டாலும், வங்கிப் பரிமாற்றக் கணக்கையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அச்செடுங்கள். இ-மைக்ரேட்டில் புகார், நாகர்கோவில் எஸ்பி அலுவலகத்தில் மனு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் இன்னொரு மனு என்று மூன்றும் ஒரே வாரத்தில் போகட்டும். ஒவ்வொன்றுக்கும் பதிவு எண் வாங்காமல் வெளியே வராதீர்கள். 'பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்பினால், அதை மனுவின் மேலேயே எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள்.