மொட்டு அழற்சியும் சிறுநீரில் இறங்கும் சர்க்கரையும்

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தருகே, மருந்துக் கடையில் கூட்டம் குறையும்வரை ஒதுங்கி நின்று, பிறகு தாழ்ந்த குரலில் "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் கொடுங்க" என்று கேட்கும் ஆண்களில் சிலருக்கு இருப்பது படர்தாமரை அல்ல. ஆண்குறியின் மொட்டு சிவந்து, எரிந்து, முன்தோலைப் பின்னுக்குத் தள்ளும்போது வலிக்கும் இந்த அழற்சியை மருத்துவர்கள் பாலனைட்டிஸ் என்பர். இது தானாக ஆறுமா என்பது, எதனால் வந்தது என்பதைப் பொறுத்தது.

முன்தோலுக்கு அடியில் உதிர்ந்த தோல் செல்களும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து வெண்மாவு போலப் படிவது இயல்பே. நாட்கணக்கில் கழுவாமல் விட்டால் அது உறுத்தும். வாசனைச் சோப்பைப் போட்டு ஓயாமல் தேய்ப்பவர்களுக்கும் அதே எரிச்சல் வருகிறது. இந்த வகை, சோப்பை நிறுத்தி, வெறும் வெதுவெதுப்பான நீரில் நாளுக்கொரு முறை கழுவி ஈரத்தை ஒற்றியெடுத்தால், சில நாட்களில் மருந்தின்றியே அடங்கிவிடக்கூடும்.

பூஞ்சையால் வருவது வேறு. கேண்டிடா என்னும் பூஞ்சை பலர் உடலில் தொல்லையின்றி வாழ்வதுதான். ஆனால் இரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது, சிறுநீரகத்தால் முழுவதையும் மீட்டுக்கொள்ள இயலாமல் மிச்சம் சிறுநீரில் இறங்குகிறது. சிறுநீர் விழுந்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு நம் பெரியவர்கள் கண்டுகொண்ட அதே சர்க்கரை, முன்தோலுக்குள் தங்கிவிடும் ஓரிரு துளிகளில் பூஞ்சைக்கு உணவாகிறது. மொட்டில் சிவந்த புள்ளிகளும், தயிர்த் திப்பி போன்ற வெள்ளையும், முன்தோல் விளிம்பில் நகக்கீறல் போன்ற வெடிப்புகளும் தோன்றும். சர்க்கரை நோய் இருப்பதே தெரியாத ஒருவருக்கு அந்த வெடிப்புதான் முதல் அறிகுறியாகவும் அமையலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றுவதால், அவற்றை உண்பவர்களுக்கும் இத்தொல்லை வரக்கூடும். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பூஞ்சைக்குப் பொதுவாகக் குளோட்ரிமசோல் களிம்பை நாளுக்கு இருமுறை, 7 முதல் 14 நாட்கள் பூசச் சொல்வார்கள். என்னை வருத்துவது, வீரியமான ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைச் சீட்டில்லாமல் வாங்கிப் பூசும் பழக்கம். அரிப்பு இரண்டு நாளில் அடங்கும். பூஞ்சை அடங்காது, தோலும் மெலிந்துபோகும்.

புண், கொப்புளம், சீழ், சிறுநீர் கழிப்பதில் சிரமம், ஒரு வாரமாகியும் குறையாத சிவப்பு, மனைவிக்கும் அரிப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பின்னுக்குத் தள்ளிய முன்தோல் திரும்ப வராமல் மொட்டு வீங்கினால், அது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம்.

வீட்டுக்கே வந்து மருந்து தரும் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரை மாத்திரையோடு வீடு தேடி வருபவர் பெரும்பாலும் ஒரு பெண் தன்னார்வலர் என்பதால், ஆண்கள் இதைச் சொல்லக் கூசுவது புரிகிறது. அவரிடம் "சர்க்கரை பார்க்கணும்மா" என்று மட்டும் சொன்னால் போதும். மற்றதை மருத்துவரிடம் சொல்லிக்கொள்ளலாம்.