ஜெர்மனியில் பிஎச்டி: அட்மிஷன் அல்ல, வேலைக்கான விண்ணப்பம்

ஜெர்மனியில் பிஎச்டி செய்ய நினைப்பவர்கள் முதலில் தேடுவது அட்மிஷன் அறிவிப்பை. பெரும்பாலும் அப்படி ஒன்று வராது. பொது நுழைவுத்தேர்வும் கிடையாது, கவுன்சிலிங்கும் கிடையாது. ஒரு பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்துக்கு நிதி வந்திருக்கும், அதற்கு ஆள் வேண்டும் என்று வேலை விளம்பரம் போடுவார்கள். அந்த வேலை கிடைத்தபின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

விளம்பரத்தில் 'டிவி-எல் இ13, 65%, 3 ஆண்டு' என்பதுபோல ஒரு வரி இருக்கும். டிவி-எல் என்பது மாநில அரசு ஊழியர்களுக்கான ஊதிய ஒப்பந்தம். இ13 என்பது முதுகலை முடித்தவர்களுக்கான ஊதிய நிலை. கவனிக்க வேண்டியது சதவீதம். முழு வேலைக்கு 2025 நிலவரப்படி தொடக்கச் சம்பளம் மாதம் ஏறக்குறைய 4,600 யூரோ. அதில் 65% என்றால் 3,000 யூரோ. வரி, காப்பீடு, பென்ஷன் பிடித்தம் போகத் தனி ஆளுக்குக் கையில் 2,000 யூரோவை ஒட்டி வரும். பொறியியலிலும் கணினித் துறையிலும் 100% வேலை சகஜம். உயிரியலில் 65%, மொழி, வரலாறு போன்ற துறைகளில் 50% என்றெல்லாம் பார்க்கலாம். 65% சம்பளத்துக்கு 65% நேரம் லேபில் இருந்தால் போதும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். மீதி நேரம் உங்கள் சொந்த ஆய்வுக்காம்!

உதவித்தொகையில் போவது வேறு வழி. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி தருவது இந்த வகை. அது சம்பளம் அல்ல, எனவே பென்ஷன் கணக்கில் எதுவும் சேராது. இரண்டும் கிடைக்கும் நிலையில் இருந்தால் வேலை ஒப்பந்தத்தையே எடுக்கச் சொல்வேன்.

எங்கே தேடுவது? அகடெமிக்ஸ், யூராக்சஸ், டிஏஏடி தளங்களில் விளம்பரங்கள் வரும். இன்னொரு வழியைப் பலர் கண்டுகொள்வதில்லை: டிஎஃப்ஜி என்ற ஆய்வு நிதி அமைப்பின் 'கெப்ரிஸ்' தரவுத்தளம். எந்தப் பேராசிரியருக்கு எந்தத் தலைப்பில் நிதி கிடைத்திருக்கிறது என்று அதில் பார்க்கலாம். நிதி புதிதாக வந்த இடத்தில் ஆள் எடுக்க வாய்ப்பு அதிகம். மாக்ஸ் பிளாங்க் என்ற ஆய்வு நிறுவனங்களின் பிஎச்டி பள்ளிகள் பெரும்பாலும் ஆண்டுதோறும் கெடு வைத்து மொத்தமாக ஆள் எடுக்கும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகம்தான் தரும்.

பொதுவாக முதுகலைப் பட்டம் அவசியம். வெறும் பி.டெக்கோடு போவதற்குச் சில இடங்களில்தான் வழி உண்டு. முனைவர் பட்ட விதிமுறை ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி. விண்ணப்பிக்குமுன் அதைப் படித்துவிடுங்கள்.

விண்ணப்பத்தில் சிவி, மார்க் ஷீட், ஒரு பக்கக் கடிதம், பரிந்துரைப்பவர் இருவரின் பெயர் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி, விளம்பரத்தில் குறிப்பெண் இருந்தால் அதையும் மெயில் தலைப்பில் எழுதுங்கள். 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஐம்பது பேராசிரியர்களுக்கு ஒரே மெயில் தட்டினால் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அவர்களுடைய ஒரு கட்டுரையைப் படித்து, உங்கள் முதுகலை ஆய்வு அதோடு எங்கே சேர்கிறது என்று இரண்டு வரி எழுதினால் பதில் வரும் வாய்ப்பு உண்டு. நேர்காணல் பெரும்பாலும் ஆன்லைனில்தான்; முதுகலை ஆய்வைச் சிறு உரையாக விளக்கச் சொல்வார்கள்.

வேலை ஒப்பந்தம் கையில் இருந்தால் மாணவர்களிடம் கேட்கும் முடக்கக் கணக்குப் பணம் (வாழ்க்கைச் செலவுக்கென்று முன்கூட்டியே வங்கியில் போட்டு வைப்பது) பொதுவாகத் தேவைப்படாது. ஆனால் விசாவுக்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் வேலையில் சேரும் தேதியைக் கொஞ்சம் தள்ளியே கேளுங்கள்.