சீயக்காய்க்கு மாறியவர்கள் ஒரே மாதத்தில் ஷாம்பூவுக்குத் திரும்புவது ஏன்?

ஷாம்பூவை விட்டுச் சீயக்காய்க்கு மாறுகிறவர்களில் பலர் மூன்று நான்கு குளியலிலேயே மனம் தளர்ந்துவிடுகிறார்கள். தலைமுடி சிகிச்சைக்கு வருவோர் சொல்லும் புகார்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை, முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது, வகிட்டில் பொடி நிற்கிறது, கண் எரிகிறது. கண் எரிச்சல் சீயக்காயின் குணம். மற்றவை பெரும்பாலும் பொடி அரைத்த விதத்தாலும், எண்ணெயின் அளவாலும், தேய்த்த முறையாலும் வருபவை. திருத்திக்கொள்ளலாம்.

சீயக்காயின் தோட்டிலும், பூந்திக்கொட்டையின் சதையிலும், அரப்பு இலையிலும் அழுக்கை எடுப்பது சபோனின் என்ற பொருள். அதன் ஒரு முனை எண்ணெயைப் பற்றும், மறு முனை தண்ணீரைப் பற்றும். ஷாம்பூவிலுள்ள சோடியம் லாரெத் சல்பேட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது, இன்னும் வேகமாக. ஆகவே ஷாம்பூ விஷம் என்ற பயத்தில் மாற வேண்டியதில்லை. வாசனைப் பொருள் ஒத்துக்கொள்ளாதவர்கள், ஷாம்பூவால் தலை வறண்டு அரிப்பவர்கள், வீட்டுப் பொருளையே விரும்புகிறவர்கள் மாறிப் பார்க்கலாம்.

"முதல் ஆறு வாரம் பிசுபிசுக்கும், தலை நச்சை வெளியேற்றுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று ஓர் அறிவுரை பரவலாகச் சுற்றுகிறது. இதை நம்பாதீர்கள். தலையில் எண்ணெய் சுரப்பது பெரும்பாலும் ஹார்மோன்களின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எதைத் தேய்த்துக் குளிக்கிறோம் என்பது அந்தச் சுரப்பிகளுக்குத் தெரியாது. பிசுக்கு இருந்தால் தலை சரியாக அலசப்படவில்லை என்றே பொருள். நார் போன்ற சொரசொரப்புக்குக் காரணம் வேறு. பல ஷாம்பூக்களும் கண்டிஷனர்களும் முடி மேல் மெல்லிய சிலிக்கோன் பூச்சை விட்டுச் செல்கின்றன. அது போனதும், வெடித்த நுனியும், ஸ்ட்ரெய்ட்னிங்கில் அடிபட்ட முடியும் உள்ளபடி தெரிகின்றன. அந்த நுனியை வெட்டிவிடுவதுதான் வழி.

பொடிக்கு எளிய கணக்கு: சீயக்காய் 1 கிலோ, பச்சைப்பயறு 250 கிராம், வெந்தயம் 100 கிராம், கொட்டை நீக்கிய பூந்திக்கொட்டை 100 கிராம், நிழலில் உலர்த்திய செம்பருத்தி இலை இரண்டு கைப்பிடி. சீயக்காயை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, ஒடித்தால் சடசடவென ஒடியும் பதத்தில் மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் பொடி கட்டிபிடிக்கும், வண்டும் சீக்கிரம் விழும். சீயக்காய் அரைக்கவென்று தனி இயந்திரம் உள்ள மில்லாகப் பாருங்கள். வீட்டு மிக்ஸியில் என்றால் விதையை எடுத்துவிட்டுத் தோட்டை மட்டும் அரையுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், இந்தத் தூசு தும்மலையும் இருமலையும் கிளப்பிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் அரைக்கும் இடத்தில் நிற்கவே வேண்டாம்.

அடுத்த படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அரைத்த பொடியை மெல்லிய பருத்தித் துணியில் சலிக்க வேண்டும். சித்த மருத்துவத்தில் இதை வஸ்திரகாயம் என்பார்கள். மாவுச் சல்லடை போதாது. நின்றுபோகும் திப்பிதான் வகிட்டில் தங்குகிறது, தலைத்தோலைக் கீறுகிறது, முடியோடு உரசி அதன் மேல்தோலைப் பெயர்க்கிறது.

நாட்டு மருந்துக் கடையில் பொடிக்கான சாமான் கேட்டால் கார்போகரிசி என்ற விதையையும் சேர்த்துக் கட்டித் தருவது வழக்கம். தலைக்கும் குளியலுக்கும் அது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அதிலுள்ள சோரலென் என்ற வேதிப்பொருள் தோலில் படிந்திருக்கும்போது வெயில் பட்டால் தோல் சிவந்து, கொப்பளித்து, கறுத்துப்போகும். எலுமிச்சைச் சாறு தேய்த்துவிட்டு வெயிலில் நிற்பதும் இதே தொல்லையைத் தரும்.

புதிதாக மாறுகிறவர்களுக்குப் பொடியைவிடக் கஷாயம்தான் எளிது. ஆறு சீயக்காய், கொட்டை நீக்கிய பூந்திக்கொட்டை நான்கு, இரண்டையும் 400 மில்லி தண்ணீரில் இரவே ஊறவையுங்கள். காலையில் சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்கட்டும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், பாலைப் போல நுரைத்துப் பொங்கி வழியும். ஆறியதும் கையால் பிசைந்து துணியில் வடிகட்டினால் திப்பியே இல்லாத நீர் கிடைக்கும். கெடாமல் காக்கும் பொருள் எதுவும் இதில் இல்லாததால் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தாலும் இரண்டு நாளைத் தாண்டக் கூடாது. புளித்த வாடை வந்ததைத் தலையில் ஊற்றாதீர்கள்.

அரப்பு என்பது உசில மரத்து இலைப் பொடி. கொங்கு நாட்டிலும் மதுரைப் பக்கமும் தலைக்கு அதுதான் புழக்கம். வடிகஞ்சியில் குழைத்துத் தேய்ப்பார்கள். சீயக்காயைவிட வழவழப்பாக இருக்கும், சுருட்டை முடிக்குச் சிக்கு எடுக்க வசதி. குளியலறைத் தரை வழுக்கும், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் உடனே கழுவிவிடுங்கள். கழிவுநீர்த் துளையில் ஒரு வலையும் வையுங்கள்.

தேய்க்கும் முறைக்கு வருவோம். தோள் வரை முடி என்றால் இரண்டு மேசைக்கரண்டிப் பொடி போதும். வெதுவெதுப்பான தண்ணீரிலோ வடிகஞ்சியிலோ தோசை மாவை விடச் சற்று நீர்க்கக் கரைத்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். முடியை முழுவதுமாக நனைத்த பிறகே பூச வேண்டும். உலர்ந்த முடியில் அப்பினால் பொடி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். வகிடு வகிடாகப் பிரித்துத் தலைத்தோலில் மட்டும் விரல் நுனியால் இரண்டு மூன்று நிமிடம் தேயுங்கள். வழிந்து இறங்கும் நீரே நுனிமுடிக்குப் போதும். தலையைப் பின்பக்கம் சாய்த்து, விரலால் கோதியபடி, மூன்று நிமிடமாவது அலசுங்கள். கண்ணுக்குள் போய்விட்டால் தேய்க்காமல், ஓடும் சுத்தமான தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். அதன் பிறகும் சிவப்போ மங்கலோ இருந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள்.

எண்ணெய் வைப்பதில்தான் அதிகம் தவறுகிறோம். கால் கிண்ணம் எண்ணெயைத் தலையில் ஊற்றிவிட்டு அதைச் சீயக்காய் எடுக்கும் என்று எதிர்பார்த்தால் நடக்காது. குளிக்க அரை மணி நேரத்துக்கு முன் இரண்டு தேக்கரண்டித் தேங்காய் எண்ணெய், அதையும் முடிக்கு மட்டும் தடவுங்கள். நனையும்போது முடியின் புரதம் கரைந்து போவதைத் தேங்காய் எண்ணெய் குறைக்கிறது. வாரம் ஒருமுறை எண்ணெய்க் குளியல் பழக்கம் உள்ளவர்கள் அன்றைக்குச் சீயக்காயை இரண்டு முறை போட வேண்டும்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சீயக்காய் சோப்பைத் தவிர்த்துவிடுங்கள். அது பெயரில்தான் சீயக்காய். சோப்பு கடின நீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து முடியில் வெள்ளைப் பிசினாகப் படியும். சபோனின் அப்படிப் படிவதில்லை. ஆனாலும் உப்பு நீர் முடியின் பளபளப்பைக் குறைக்கும் என்பதால், கடைசி அலசலுக்கு ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து ஊற்றி, அதையும் வெறும் தண்ணீரால் அலசிவிடுங்கள். சமையல் சோடாவை மட்டும் தலைக்குப் போடாதீர்கள். தலைத்தோலின் பி.எச். (அமில, காரத் தன்மை) அளவு ஏறக்குறைய 5.5, சோடாக் கரைசலுக்கு 8-க்கு மேல். இந்தக் காரத்தில் முடியின் செதில்கள் விரிந்து, முடி சிக்காகி ஒடியும்.

பொடுகுக்கு கீட்டோகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்துள்ள ஷாம்பூ எழுதிக் கொடுத்திருந்தால், சீயக்காய்க்கு மாறுகிறோம் என்று அதை நிறுத்தாதீர்கள். பொடுகில் மலசேசியா என்ற பூஞ்சைக்குப் பங்கு உண்டு. தலைத்தோலின் எண்ணெய்தான் அதற்குத் தீனி, அதனால் பொடுகுத் தலையில் எண்ணெய் ஊறவைப்பது அதை வளர்ப்பதாகும். மருந்து ஷாம்பூ போடும் நாள் போக மற்ற நாளில் சீயக்காய் போடலாம். குழந்தையின் தலையில் வட்டமாக முடி கொட்டிச் செதிலோ சீழோ தெரிந்தால், அது படைப் பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு வாய்வழி மாத்திரை தேவைப்படும், பொடிகளால் தீராது. காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டினாலும் ஷாம்பூவையோ சீயக்காயையோ குற்றம் சொல்லிப் பயனில்லை. ரத்தத்தில் இரும்புச் சத்தையும் தைராய்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.