ஞாயிறு பள்ளியின் சாவி

காவிரிப் படுகைக் கிராமங்களில், பல திருச்சபைகளைக் கவனிக்கும் சேகர ஆயராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்தபோது கண்ட ஒரு நிகழ்வு இன்னும் என் மனத்தை உறுத்துகிறது. ஒரு சபையில் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் வேதாகமம் கற்பிக்கும் ஞாயிறு பள்ளியை இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே அம்மாதான் நடத்தி வந்தார். பதிவேடு, பாடப்புத்தகங்கள், அலமாரிச் சாவி எல்லாம் அவரிடமே இருந்தன. அவர் கால் முறிந்து படுக்கையில் விழுந்தபோது, எந்தப் பிள்ளை எந்த வகுப்பு என்பதுகூட வேறு எவருக்கும் தெரியவில்லை. இரண்டு மாதம் பள்ளியே நடக்கவில்லை. குறை அவருடையதன்று. அவருக்கு ஒரு துணையை நான் முன்பே சேர்த்திருக்க வேண்டும்.

இளையவர்கள் முன்வருவதில்லை என்று கமிட்டிக் கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. நான் விசாரித்தவரையில், அவர்களில் பலரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. ஆராதனை முடிவில் பொதுவாக அறிவித்துவிட்டுக் காத்திருந்தால் ஒருவரும் வருவதில்லை. வீட்டுக்குச் சென்று, திண்ணையில் உட்கார்ந்து, "பிள்ளைகள் உன்னிடம் ஒட்டிக்கொள்வதைப் பார்த்தேனம்மா, மூன்று மாதம் அக்காவோடு இருந்து பார்" என்று கேட்டால் வருகிறார்கள். கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்துப் பெண்களிடம் இப்படிக் கேட்கவே நாம் மறந்துவிடுகிறோம், பொறுப்புகள் ஒரு சில வீடுகளுக்குள்ளேயே சுற்றிவருகின்றன.

வந்தவரிடம் முழுப் பொறுப்பையும் ஒரே நாளில் ஒப்படைப்பது அவரை விரட்டுவதற்குச் சமம். முதலில் உடனிருந்து கவனிக்கட்டும், அடுத்து வேதாகமக் கதையை மட்டும் சொல்லட்டும், பிறகு மூத்தவர் பின்வரிசையில் அமர்ந்திருக்க வகுப்பு முழுவதையும் எடுக்கட்டும். ஒவ்வொரு வகுப்புக்குப் பின்னும் பத்து நிமிடம் இருவரும் பேசிக்கொள்ள வேண்டும். இதில் மிகக் கடினமான கட்டம் மூத்தவருக்குரியது: புதியவர் தடுமாறும்போது எழுந்து திருத்தாமல் உட்கார்ந்திருப்பது. தரங்கம்பாடியில் 1718-இல் ஞானஸ்நானம் பெற்ற ஆரோன், குருவுக்குத் துணையாக நின்று போதிக்கும் உபதேசியாராக நெடுங்காலம் உழைத்துப் பழகிய பின்னரே 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்றார். நம் மண்ணின் முதல் லுத்தரன் தமிழ்க் குரு உருவாக அத்தனை ஆண்டுகள் ஆகியிருக்க, நாம் ஒரு நாள் பயிற்சி முகாமோடு முடித்துக்கொள்கிறோம்.

காலத்தையும் பார்த்தே தொடங்க வேண்டும். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்துவிட்டால் குறுவை வேலை தொடங்கிவிடும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்த் திரும்பும் பெண்களை மாலைப் பயிற்சிக்கு அழைப்பது நியாயமன்று. மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியே நல்ல தொடக்கம், ஏனெனில் சில நாள்களில் முடியும் பொறுப்பை எவரும் துணிந்து ஏற்பார்.

இரண்டு ஒழுங்குகளில் மட்டும் தளர்வு கூடாது. பிள்ளைகளோடு எப்போதும் இரு பெரியவர்கள் இருக்க வேண்டும். காணிக்கையை இருவர் எண்ணிக் கையெழுத்திட வேண்டும். இவை புதியவரின் நல்ல பெயரையும் காக்கும்.

பொறுப்புக்கு இரண்டாண்டு என்று காலவரையறை வைப்பதும் அவசியம். குடும்பச் சுமையால் விலக நேர்ந்தால், குற்றவுணர்வின்றிச் சாவியையும் பதிவேட்டையும் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த ஞாயிறும் அதே கோவிலில் அவரால் நிம்மதியாக அமர முடியும்.