எழுதினால் மனசு ஆறிவிடுமா?

"எல்லாத்தையும் எழுதிடுங்க, மனசு லேசாயிடும்" என்று இப்போது யாரைப் பார்த்தாலும் சொல்கிறார்கள். மனநல ஆலோசகராக நானும் சிலரை எழுதச் சொல்வதுண்டு, ஆனால் எல்லாருக்கும் சொல்வதில்லை, வந்த முதல் நாளிலேயே சொல்வதும் இல்லை. காரணம் கேட்பவர்களிடம் ரோமா இனத்து (ஐரோப்பாவில் 'ஜிப்ஸி' என்று அழைக்கப்பட்ட மக்கள்) எழுத்தாளர்கள் இருவரைப் பற்றிப் பேசுவேன்.

பிரான்ஸில் வாழ்ந்த மத்தேயோ மாக்ஸிமோஃப், 1938இல் குடும்பங்களுக்கிடையே நடந்த ஒரு சண்டையில் சிறைக்குப் போனவர். வழக்கறிஞர் எழுதச் சொல்லி ஊக்கப்படுத்த, அவர் ஒரு நாவலே எழுதிவிட்டார், 1946இல் அது வெளிவந்தது. பிறந்த மூன்றாம் இரவு குழந்தையின் தலையெழுத்தை முடிவுசெய்ய வரும் 'உர்ஸிடோரி' என்ற தேவதைகளைச் சுற்றிய கதை. கம்பிக்குள் உட்கார்ந்துகொண்டு விதியைப் பற்றிக் கதை எழுதியிருக்கிறார் மனுஷன்! 'நான்' என்று ஆரம்பித்தாலே கை நடுங்குகிறவர்களை 'அவள்', 'அவன்' என்று எழுதிப் பார்க்கச் சொல்வேன். சிலருக்கு அந்த இடைவெளியே போதுமானதாக இருக்கிறது.

ஆஸ்திரியாவின் சேயா ஸ்டோய்காவின் கதை வேறு. குதிரை வியாபாரக் குடும்பம். பத்து வயதுகூட நிறையாமல் நாஜிகளின் வதைமுகாம்களில் அடைபட்டவர்: முதலில் அவுஷ்விட்ஸ், அப்புறம் ராவன்ஸ்புரூக், கடைசியில் பெர்கன்-பெல்சன். அங்கே பட்டினியில் மரத்தின் பிசினைத் தின்று உயிர் பிழைத்ததாகச் சொல்லியிருக்கிறார். பின்னாளில் தான் வரைந்த ஓவியங்களில் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மரக்கிளையையும் போட்டுவிடுவார். போருக்குப் பிறகு சந்தைகளில் கம்பளம் விற்றுப் பிழைத்தார். முகாமிலிருந்து விடுதலையானது 1945இல், அவருடைய முதல் புத்தகம் வந்தது 1988இல்.

43 வருடம் ஏன் என்று கேட்டால், சொன்னால் கேட்க யார் இருந்தார்கள் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். நாஜி ஆட்சியில் ரோமா மக்களுக்கு நடந்தது இனப்படுகொலை என்று மேற்கு ஜெர்மனி ஒப்புக்கொண்டதே 1982இல்தான். நடந்ததை ஊரே மறுக்கும்போது, எழுதாததற்குப் பாதிக்கப்பட்டவரின் பயம் மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. போதாததற்கு, பிரான்ஸில் ரோமா மக்களின் உறவினமான மனூஷ் குழுக்களில் இறந்தவரின் பெயரைச் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறவரிடம் 'மனசு விட்டு எழுதுங்கள்' என்று தாளை நீட்டினால் அது வைத்தியமா?

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர், மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், வலித்த அனுபவங்களை எழுதவைத்தார். 1986இல் வெளியான அந்த ஆய்வைத்தான் பலரும் ஆதாரம் காட்டுவார்கள். உணர்வுகளையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது, சரி. ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் இன்னும் பாரமாகத்தான் இருந்தது, இதை யாரும் சொல்வதில்லை.

அதனால் இழப்பு நடந்த சூட்டோடு யாரையும் எழுதச் சொல்லி நெருக்காதீர்கள். எழுதியதைக் காட்டச் சொல்லியும் கேட்காதீர்கள், கிழித்துப் போட்டாலும் அது அவர்கள் இஷ்டம். எழுத ஆரம்பித்த பிறகு தூக்கம் கெட்டு, பழைய காட்சிகள் பகலிலும் துரத்தினால் நோட்டை மூடி வைத்துவிட்டு ஒரு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள்.