கூடிய எலும்பு, கோணிய முழங்கை

திருத்தணி தாண்டி நகரி, புத்தூர் வரை கோடை வந்தால் மாந்தோப்புக் காலம். மரத்திலிருந்து விழும் பிள்ளை கையை ஊன்றித்தான் விழும். முழங்கையில் முறிவென்றால் பெரும்பாலும் மூட்டுக்குச் சற்று மேலே, மேற்கை எலும்பு தட்டையாக மெலியும் இடத்தில். மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாலும் மாவுக்கட்டு போட்டாலும், கீழ்த்துண்டு உள்பக்கம் சாய்ந்திருந்தால் சாய்ந்தபடியே கூடிவிடும்.

"வளர வளரச் சரியாகிவிடும்" என்பார்கள். சிறு பிள்ளையின் மணிக்கட்டு முறிவுக்கு அது பெரும்பாலும் பொருந்தும்; இங்கே பொருந்தாது. மேற்கை எலும்பின் நீள வளர்ச்சியில் சுமார் 80 சதவீதம் தோள் முனையில் நடக்கிறது. முழங்கை முனைக்கு மிச்சம் 20தான். பக்கவாட்டுச் சாய்வை நிமிர்த்த அது போதாது.

கண்ணாடி முன் நின்று இரு கைகளையும் நீட்டி, உள்ளங்கையை முன்னால் திருப்புங்கள். இயல்பான முன்கை 5 முதல் 15 டிகிரி வெளியே விலகி நிற்கும். கோணிய கை உடம்பை நோக்கித் திரும்பும். மடக்கி நீட்ட முடிகிறது, வலியில்லை என்றால் அறுவைக்கு அவசரமே இல்லை. தோற்றத்துக்காகச் செய்துகொள்வது அவரவர் விருப்பம். ஆனால் சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்துப்போவது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே சதை குழிவது, நாற்காலியை ஊன்றி எழும்போது முழங்கையின் வெளிப்பக்கம் நழுவுவது போன்றவை பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். வந்தால் தள்ளிப்போடக் கூடாது. மரத்துப்போவதும் சதை குழிவதும் நரம்பு நசுங்குவதன் அறிகுறி; தாமதமானால் அந்த நரம்பு முழுதாக மீளாது.

அறுவையில் எலும்பின் வெளிப்பக்கத்திலிருந்து ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, இடைவெளியை மூடி, தகடும் திருகும் வைத்து இறுக்குவார்கள். கணக்கு எளிது: கோணிய கை 15 டிகிரி உள்ளே, நல்ல கை 10 டிகிரி வெளியே என்றால் ஆப்பு 25 டிகிரி. வெட்டுமிடத்தில் எலும்பு 4 செ.மீ. அகலமென்றால் ஆப்பின் அடி சுமார் 1.9 செ.மீ. அதனால்தான் இரு கைக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். கை நேரானாலும் வெளிப்பக்க முண்டு துருத்தித் தெரியலாம். இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். திருகு தளர்ந்தால் கோணல் திரும்பும். நரம்பு அடிபடுவதும் மூட்டு இறுகுவதும் மற்ற ஆபத்துகள்.

அறுவைக்குப் பிறகு எண்ணெய் போட்டு அழுத்தி நீவவே கூடாது. வலுக்கட்டாயமாக இழுத்தால் தசைக்குள் எலும்பு படிந்து மூட்டு பூட்டிக்கொள்ளும். மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, நோயாளி தானாக மடக்கும் அளவுக்கு மட்டுமே பயிற்சி.